கொல்லிமலைக்கு ஒரு டர்போ: 2012 ஸ்விஃப்ட் பெட்ரோலில் வெளியே வாங்கிப் பொருத்தலாமா?

நாமக்கல் வளைவு (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் பெட்ரோல். அப்பா வாங்கிய வண்டி. 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விற்கும் எண்ணம் அறவே இல்லை.

மாதம் இரண்டு முறையாவது காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுகிறேன். அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில், வீட்டார் நான்கு பேரும் ஏசியும் சேர்ந்துகொண்டால் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது. முதல் கியரில் இரைச்சல் தாங்கவில்லை. இரண்டாவதுக்கு மாற்றினால் இழுவை இல்லை. ஓர் ஆண்டுக்கு முன்பு இவ்வளவு மோசமாக இல்லை என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டர்போ, அதாவது என்ஜினின் புகையால் சுழன்று சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, வைத்தால் இழுவை கூடும் என்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில் ஸ்விஃப்ட் டீசலிலிருந்து கழற்றிய டர்போ 8,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை என்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு செய்து, கூடுதலாக ஒரு மின்னணுப் பெட்டி வைத்து, எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தில் முடித்துத் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். 87 குதிரைத்திறன் 120 ஆகுமாம். செய்யலாமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

கொங்கு ஸ்பேனர்
ஞாயிறு, இரவு 10.25

தம்பி, 22 வருடமாகக் கோயம்புத்தூரில் என்ஜின் வேலை செய்கிறேன். டர்போ பொருத்தியும் இருக்கிறேன், பொருத்தியதைக் கழற்றியும் இருக்கிறேன். கழற்றியவைதான் அதிகம்.

உங்கள் என்ஜினின் அமுக்க விகிதம் ஏறக்குறைய 11-க்கு 1. சிலிண்டருக்குள் வரும் கலவையைப் பிஸ்டன் ஏற்கெனவே பதினொன்றில் ஒரு பங்காக நசுக்குகிறது. மைலேஜுக்காகக் கம்பெனி அப்படி வடிவமைத்திருக்கிறது. அதில் இன்னும் காற்றைத் திணித்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்போ, விட்ட கையோடு எங்கோ ஒரு மூலையிலோ கலவை தானாகவே வெடிக்கும். இதைத்தான் நாங்கள் தட்டல் என்கிறோம். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம்.

சுசுகியே டர்போ வைத்து விற்ற என்ஜினைப் பாருங்கள். 2017-இல் வந்த பலேனோ ஆர்.எஸ்.-இல் இருந்தது 998 சி.சி. பூஸ்டர்ஜெட். அமுக்க விகிதம் 10. எரிபொருள் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டு, உள்ளேயே ஆவியாகி, கலவையைக் குளிர்விக்கும். 102 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். அதன் பிஸ்டன் முதல் ஆயில் செல்லும் துளை வரை எல்லாமே டர்போவுக்கென்று போட்ட கணக்கு. உங்கள் கே12 என்ஜினில் எரிபொருள் வால்வுக்கு வெளியே பீய்ச்சப்படுகிறது. டர்போவுக்கான கணக்கு எதுவும் அதில் இல்லை.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கடைசியாகக் கம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று, எப்போது பார்த்தீர்கள்?

ஐந்தாம் கியர்
திங்கள், காலை 6.50

நான் செய்தவன். என் அனுபவத்தை எழுதுகிறேன். பட்டறையின் பெயரை யாரும் கேட்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருமாறு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி ஆல்டோ கே10. 998 சி.சி., மூன்று சிலிண்டர். பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தம், 5 பி.எஸ்.ஐ. மட்டும்தான், எதுவும் ஆகாது என்றார்கள். முதல் பத்து நாள்கள் நான் வேறு ஆளாகவே இருந்தேன். திண்டிவனம் சாலையில் மூன்றாம் கியரில் மிதித்தால் முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. அந்த வண்டியிடம் நான் அதை எதிர்பார்த்ததே இல்லை. ஆகவே உங்கள் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன்.

பதினோராம் நாள் விக்கிரவாண்டி தாண்டி, நான்காம் கியர், 4,500 சுற்று, மேம்பாலம் ஏறுகிறேன். பாட்டுச் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஒலி கேட்டிருக்கும், எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் நீலப் புகை தெரிந்த பிறகுதான் காலை எடுத்தேன்.

என்ஜினைப் பிரித்தபோது அருகிலேயே நின்றேன். இரண்டாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார்கள். வெள்ளைப் பீங்கான் மீது பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள். அது பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்தது. பிஸ்டனை வெளியே எடுத்ததும் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலிருந்த விளிம்பு, வெட்டிப்போட்ட நகம் அளவுக்கு, என் உள்ளங்கையில் உதிர்ந்தது. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அதில் நகம் மாட்டியது.

காரணம் என்னவென்றால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பழையதே. 67 குதிரைத்திறனுக்குப் போதுமான இன்ஜெக்டர் முழுநேரமும் திறந்தே இருந்தும் பெட்ரோல் போதவில்லை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, சூடு எகிறிவிட்டது. காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைடுபேண்டு ஆக்சிஜன் சென்சார் ஒன்று வைத்திருந்தால் முதல் நாளே முள் காட்டிக்கொடுத்திருக்கும். அதை வேண்டாம் என்று மிச்சம் பிடித்தது நான்தான்.

பாலிடெக்னிக் வாத்தியார்
திங்கள், மதியம் 1.15

ஐந்தாம் கியர் எழுதியதோடு சில எண்களைச் சேர்க்கிறேன். மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் போட்டுக்காட்டும் கணக்குதான்.

வெளிக்காற்று 35 டிகிரி என்று வையுங்கள். நாமக்கல்லில் அது குளிர்ந்த நாள். 6 பி.எஸ்.ஐ. பூஸ்ட் என்றால் காற்றழுத்தம் 1.4 மடங்காகிறது. சிறிய டர்போவின் கம்பிரஸர் 65 சதவீதத் திறனில் வேலை செய்தால், வெளியே வரும் காற்றின் சூடு சுமார் 84 டிகிரி. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா, அதேதான். 84 டிகிரிக் காற்றை 11-க்கு 1 என்று நசுக்கினால் தட்டல் வராமல் என்ன செய்யும்?

ஆகவே அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கட்டாயம். அதை எங்கே வைப்பது? ஸ்விஃப்டின் முகப்பில் ஏசி கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். இன்டர்கூலரை முன்னால் வைத்தால் கண்டென்சருக்குப் போகும் காற்றும் சூடாகும், குறையவும் செய்யும். மலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது எதிர்க்காற்றே கிடையாது. விசிறியை நம்பித்தான் மூன்றும் குளிர வேண்டும். ஏசி போட்டுக்கொண்டு ஏறத்தான் டர்போ கேட்கிறீர்கள். டர்போ வந்தால் முதலில் கைவைக்க வேண்டியது ஏசியில்தான்.

கூடலூர் பனி
திங்கள், மாலை 4.05

டீசல் வண்டி டர்போவைப் பெட்ரோல் என்ஜினில் வைக்கவே கூடாது, அளவே ஒத்துவராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். 8,000 ரூபாய் வீண்.

பாலிடெக்னிக் வாத்தியார்
திங்கள், மாலை 5.30

அளவு ஒத்துவரும். இங்கேதான் பலர் தவறான காரணத்துக்காகச் சரியான முடிவுக்கு வருகிறார்கள்.

1.3 டீசல் என்ஜின் 1,248 சி.சி. நிமிடத்துக்கு 4,000 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுத்தால், ஏறக்குறைய 2,500 லிட்டர். ஒரு பார் பூஸ்ட் என்று வைத்துக்கொண்டால் 5,000 லிட்டர் வெளிக்காற்று. உங்கள் 1,197 சி.சி. பெட்ரோல் 6,000 சுற்றில் 3,600 லிட்டர் இழுக்கும். 1.4 மடங்கு என்றால் இதுவும் ஏறக்குறைய 5,000. கம்பிரஸர் பக்கம் கணக்கு அப்படியே உட்கார்ந்துவிடுகிறது.

ஒத்துவராதது மறுபக்கம். டீசலின் புகை 800 டிகிரியை ஒட்டி நிற்கும். பெட்ரோலின் புகை முழு மிதியில் 950 டிகிரியைத் தொடும். அந்த 150 டிகிரிக்கு டீசல் டர்போவின் இரும்புக்கூட்டில் விரிசல் விழும், அதிகப்படிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவு கோணும், தண்டின் அருகே ஆயில் கருகிக் கரியாகும். போதாக்குறைக்கு, 8,000 ரூபாய் டர்போ ஏற்கெனவே எத்தனை லட்சம் கிலோமீட்டர் சுழன்றது என்று யாருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலும் பொருள் அது.

கொங்கு ஸ்பேனர்
திங்கள், இரவு 8.45

ஆயில் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். டர்போ சம்பந்தமாக என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் நோய்.

டர்போவுக்கு ஆயில் போகும் குழாயை எல்லோரும் கவனமாகப் போடுகிறார்கள். ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி வைத்து, எஃகுப் பின்னல் ஹோஸ், பளபளவென்று இருக்கும். திரும்பி வரும் குழாயை யாரும் மதிப்பதில்லை. அந்த ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது. டர்போவின் உள்ளே அடிபட்டு நுரைத்துத் தன் எடையில் மட்டும் கீழே வழிய வேண்டும். அதனால் குழாய் பருமனாக இருக்க வேண்டும், எங்கும் மேலேறாமல் சரிவாகவே இறங்க வேண்டும், என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். சம்ப்பைக் கழற்றித் துளையிட்டு வெல்டிங் செய்யச் சோம்பல்பட்டு, குழாயை வளைத்து எங்கோ செருகிவிடுகிறார்கள். ஆயில் தேங்கி, சீல் வழியே சைலன்சருக்குள் போய்ப் புகைகிறது. உடனே டர்போ போய்விட்டது என்று இன்னொன்று வாங்குகிறார்கள். அதுவும் புகைகிறது.

போன ஆண்டு ஒருவர் மூன்றாவது டர்போவோடு வந்தார். முந்தைய இரண்டையும் பையில் கொண்டுவந்திருந்தார். தண்டை ஆட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஆட்டமே இல்லை. குழாயை மட்டும் மாற்றினேன், பழைய டர்போ ஒன்றையே மாட்டினேன், புகை நின்றது. அவர் கண் கலங்கிவிட்டார். 60,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது.

இருங்காட்டுக்கோட்டை
செவ்வாய், காலை 7.30

எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். மறுபக்கமும் உண்டு.

என்னிடம் மாருதி எஸ்டீம் இருக்கிறது, 1.3 லிட்டர் 16 வால்வு. ஆறு ஆண்டுகளாக டர்போவோடு ஓடுகிறது. ஒரே என்ஜின், ஹெட் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். எப்படி முடிந்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த என்ஜினின் அமுக்க விகிதம் கே12-ஐவிட நன்றாகக் குறைவு. அப்படியிருந்தும் வார்ப்புப் பிஸ்டனை எடுத்துவிட்டு, அடித்துச் செய்த வலுவான ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டேன். கனெக்டிங் ராடும் மாற்றினேன். பல அடுக்கு எஃகு ஹெட் கேஸ்கெட். இன்ஜெக்டர்கள் ஏறக்குறைய இரு மடங்குப் பெரியவை, அதற்கேற்ற பெட்ரோல் பம்ப். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மில்லிமீட்டர்; 1.1 விட்டால் பூஸ்டின் அழுத்தம் பொறியை ஊதி அணைத்துவிடும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான பழைய ஈசியூவை முழுவதும் கழற்றிவிட்டுத் தனி ஈசியூ.

உங்கள் பட்டறை சொல்லும் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்விஃப்டில் காற்றின் அளவை மேனிஃபோல்டு அழுத்த சென்சாரை வைத்துத்தான் ஈசியூ கணக்கிடுகிறது. கம்பெனி சென்சாருக்குச் சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேல் கண் தெரியாது. பூஸ்ட் வந்ததும் ஈசியூ மிரண்டு பெட்ரோலை நிறுத்தும். அந்தப் பெட்டி இடையில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் ஏறவில்லை என்று ஈசியூவிடம் பொய் சொல்லும். பொய்யை நம்பி ஈசியூ பொறியை முன்கூட்டியே விடும். எந்த நேரத்தில் பொறி விட வேண்டும் என்பதைப் பூஸ்டுக்கேற்பப் பின்னுக்குத் தள்ளாவிட்டால், ஐந்தாம் கியர் உள்ளங்கையில் வாங்கிய துண்டை நீங்களும் வாங்குவீர்கள்.

என்ஜின் திறனை அளக்கும் டைனோவில் இரண்டு முழு நாள்கள் நின்றேன். 12-க்கு 1 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்துக்கு மேலே முழு மிதியில் போகவிடவில்லை; எண் கூடினால் பெட்ரோல் குறைகிறது என்று பொருள். கிளட்ச் இரண்டு முறை மாற்றினேன்; கம்பெனிக் கிளட்ச் முதல் நாளே வழுக்கியது. ஒன்றரை லட்சம் டர்போவைத் தவிர்த்த சாமான்களுக்கே பற்றவில்லை.

அந்த வண்டி சாலையில் ஓடுவதில்லை. லாரியில் ஏற்றிப் பந்தயத் தடத்துக்குப் போகிறது, லாரியிலேயே வீடு திரும்புகிறது.

பழைய ஏட்டுப் பக்கம்
செவ்வாய், காலை 11.10

அமுக்க விகிதப் பிரச்சினை இன்று நேற்று வந்ததன்று. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. டர்போவோடு கடைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அதன் வி8 என்ஜினின் அமுக்க விகிதம் 10.25. தட்டலைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒரு தொட்டியிலிருந்து என்ஜினுக்குள் பீய்ச்சப்பட்டது. தொட்டி காலியானால் பூஸ்டைத் தானாகக் குறைக்கும் ஏற்பாடும் இருந்தது. வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், கார் இழுக்கவில்லை என்று புகார் செய்தார்கள். கடைசியில் பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் பொருத்திக் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் கதை முடிந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் பொறியாளர்கள் யோசித்துச் செய்ததே அந்தப் பாடு பட்டது.

மூன்று சிலிண்டர்
செவ்வாய், மதியம் 2.20

அண்ணா, குறுக்கே ஒரு கேள்வி. மாருதி 800-இல் டர்போ வைக்க முடியாதா? ஜப்பானில் அதைவிடச் சிறிய என்ஜினில் இருந்ததாமே?

இருங்காட்டுக்கோட்டை
செவ்வாய், மாலை 6.00

இருந்தது தம்பி. 1987-இல் வந்த சுசுகி ஆல்டோ ஒர்க்ஸ். 543 சி.சி., மூன்று சிலிண்டர், 64 குதிரைத்திறன். நம் 800-இல் 796 சி.சி. இருந்தும் பெரும்பாலான வண்டிகள் 40-ஐத் தொடவில்லை. ஆனால் ஒர்க்ஸின் ஹெட்டில் இரண்டு கேம்ஷாஃப்ட், 12 வால்வு, இன்டர்கூலர் எல்லாம் பிறவியிலேயே வந்தவை. நம் 800-க்குப் பெரும்பாலும் ஒரே கேம், ஆறு வால்வு. அந்த என்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு டர்போவை மட்டும் கொண்டுவந்தால் மூச்சுக்குழல் சிறியவனுக்குப் பெரிய துருத்தி கொடுத்த கதைதான். 800 ஓட்டிக்கொண்டிருந்தால் பிரேக்கை முதலில் நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புள்ளி
செவ்வாய், இரவு 9.15

எஸ்டீம் லாரியில் போவதன் காரணத்தை அண்ணன் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி.யில் பதிவான விவரம், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சி.என்.ஜி. கருவி போடுபவர்கள் ஒப்புதல் பெற்ற கருவியைப் பொருத்தி ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்கிறார்கள். பட்டறையில் வெல்டிங் செய்த மேனிஃபோல்டை எந்த அலுவலகத்தில் போய் ஏற்றுவீர்கள்?

அபராதம்கூடப் போகட்டும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிரே வரும் ஒருவருக்கு ஏதாவது ஆகி, வண்டியைச் சோதிக்கும்போது டர்போ தெரிந்தால், காப்பீட்டு நிறுவனம் அதைக் காரணம் காட்டி உங்களிடம் கைநீட்டும். அந்த வாய்ப்பை நினைத்துப் பாருங்கள்.

கொங்கு ஸ்பேனர்
செவ்வாய், இரவு 10.05

டர்போவை ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. கொண்டுவந்தார்கள். சாதாரண டியாகோ 85 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர். ஜே.டி.பி. 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். கிட்டத்தட்ட உங்கள் பட்டறை சொல்லும் அதே உயர்வுதான்.

அதற்கு அவர்கள் பழைய என்ஜினில் டர்போவை ஒட்டவில்லை. டர்போவுக்கென்றே உருவான என்ஜினை வைத்தார்கள். கியர் விகிதத்தை மாற்றினார்கள், சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கினார்கள், 15 அங்குலச் சக்கரத்தில் அகலமான டயர் போட்டார்கள். 30 குதிரை கூடினால் முன்சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன ஆகும் என்று தடத்தில் ஓட்டிப் பார்த்துச் செய்த வேலை. எனக்கு அந்த வண்டி மீது அளவுகடந்த மதிப்பு உண்டு. இப்போது புதிதாகக் கிடைக்காது என்பதுதான் வருத்தம்.

நாமக்கல் வளைவு
புதன், காலை 8.20

எல்லோருக்கும் நன்றி. பட்டறைக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை.

ஒரு யோசனை. அமுக்க விகிதம்தான் சிக்கல் என்றால், தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டு அதை 9-க்குக் குறைத்துவிட்டு, 5 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திக்கொண்டால்? பெட்ரோலும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. தட்டலைத் தாங்கும் என்று படித்தேன்.

பாலிடெக்னிக் வாத்தியார்
புதன், மதியம் 1.40

எத்தனால் தட்டலைத் தாங்கும், உண்மை. ஆனால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் கேட்கும். ஏற்கெனவே போதாத இன்ஜெக்டர் இன்னும் போதாது.

கேஸ்கெட் விஷயத்துக்கு வருவோம். இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: உங்களுக்கு இழுவை எந்தச் சுற்றில் வேண்டும்?

கொண்டை ஊசி வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி இரண்டாம் கியரில் மிதிக்கிறீர்கள். உங்கள் கியர் விகிதத்துக்கு அப்போது என்ஜின் 1,400, 1,500 சுற்றில் இருக்கும். அங்கே டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகையே வராது. 6,000 சுற்றில் 120 குதிரை தரும்படி அளவெடுத்த டர்போ, 1,500-இல் சைலன்சரை அடைத்துக்கொண்டு நிற்கும் ஓர் இரும்புத் துண்டு. அமுக்க விகிதத்தை 11-லிருந்து 9-க்குக் குறைத்தால், பூஸ்ட் வராத சுற்றுகளில் என்ஜினின் இழுவை இன்றைக்கு இருப்பதைவிடவும் ஆறு சதவீதம் வரை குறையும். அதாவது 70 வளைவிலும் வண்டி இப்போதைவிட மந்தமாக வெளியேறும். 3,000 சுற்றைத் தாண்டியபின் திடீரென்று பூஸ்ட் வந்து பாயும், அடுத்த வளைவு வந்துவிட்டிருக்கும், பிரேக்கை மிதிப்பீர்கள்.

பூஸ்டர்ஜெட் 1,700 சுற்றிலேயே முழு முறுக்குவிசை தருகிறதே என்று கேட்கலாம். அதற்கென்றே சின்னஞ்சிறு டர்பைன், நேரடி எரிபொருள் பீய்ச்சல், வினாடிக்கு வினாடி தட்டலைக் கேட்டுக் கணக்கிடும் ஈசியூ எல்லாம் சேர்ந்து அதைச் சாதிக்கின்றன. ஒன்றரை லட்சத்துக்கு அது வெளியே கிடைக்காது.

எனக்கு உங்கள் முதல் பதிவில் ஒரு வரி உறுத்துகிறது. ஓர் ஆண்டுக்கு முன்பு இவ்வளவு மோசமில்லை என்றீர்கள். கொங்கு ஸ்பேனர் கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

கொங்கு ஸ்பேனர்
புதன், இரவு 9.00

வாத்தியார் சரியான இடத்தில் கைவைத்தார். தம்பி, டர்போவை மறந்துவிட்டு இந்த ஞாயிறு இவற்றைப் பாருங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது, நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுவதும் திறந்து கம்பிரஷன் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கெட்டோ. காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. அப்போது காதை வையுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் புகை வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

டயர் என்ன அளவு போட்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

நாமக்கல் வளைவு
ஞாயிறு, இரவு 8.30

பார்த்துவிட்டேன். 1, 2, 4 சிலிண்டர்கள் முறையே 190, 185, 188 பி.எஸ்.ஐ. மூன்றாவது 150. ஆயில் விட்டபின் 174. ஆயில் மூடியைத் திறந்து காதை வைத்தேன். பாம்பு சீறுவது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. பிளக்கிலும் ஈரக் கரி.

டயர் போன தீபாவளிக்கு மாற்றியது. கம்பெனி அளவு 165/80 ஆர்14. நான் போட்டது 195/65 ஆர்15, அலாய் சக்கரம்.

கொங்கு ஸ்பேனர்
ஞாயிறு, இரவு 9.10

மூன்றாவதில் ரிங் போய்விட்டது. நான்கில் ஒருவன் பாதி வேலைதான் செய்கிறான். டயர் விட்டமும் இரண்டரை சதவீதம் போலக் கூடியிருக்கிறது, எடையும் கூடியிருக்கிறது. மலையில் அதுவும் சேர்ந்து இழுக்கும். இந்த என்ஜினில் டர்போ வைத்திருந்தால் அந்தக் கசிவு முழுவதும் கீழே ஆயில் சம்ப்புக்குப் போய், அழுத்தம் ஏறி, டர்போவின் ஆயில் இறங்கவே முடியாமல் மூன்றே மாதத்தில் எல்லாம் சேர்ந்து முடிந்திருக்கும்.

பிரியுங்கள். சிலிண்டர் சுவரை அளந்து, தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் செய்து, அதாவது சுவரை மெல்லத் தேய்த்து, நான்கிலும் புது ரிங். எந்தப் பட்டறையாக இருந்தாலும் சரி, அளந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாமக்கல் வளைவு
ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 6.45

வேலை முடிந்தது. சுவர் வரம்புக்குள்தான் இருந்தது. மூன்றாவது பிஸ்டனில் ரிங்குகள் கரியில் இறுகி அசையாமல் கிடந்தன. ரிங், வால்வு சீட்டிங், ஹெட் கேஸ்கெட், டைமிங் செயின் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். பழைய 14 அங்குலச் சக்கரங்களைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினேன். ரிங் பழகட்டும் என்று ஆயிரம் கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டினேன்.

இன்று காலை அதே நான்கு பேர், ஏசியோடு, காரவள்ளியிலிருந்து ஏறினோம். வழக்கமாக முதல் கியருக்கு இறங்கும் வளைவுகளில் பாதிக்கு மேல் இரண்டாம் கியரிலேயே ஏறிவிட்டது. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து முழுவதும் நின்று கிளம்ப வேண்டியிருந்தது. அங்கே முதல் கியர்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, வண்டி புதிது போல இருக்கிறதே என்றார். அதைக் கேட்டதும் அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

மிச்சம் 1,12,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது. டர்போ ஆசை போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டை அண்ணா, அந்த எஸ்டீமில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியுமா?

இருங்காட்டுக்கோட்டை
சனி, இரவு 8.00

தாராளமாக. அடுத்த சனிக்கிழமை தடத்தில் இருப்பேன். காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் இன்டர்கூலர் சுடும். மூடிய காலணியும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் போட்டு வாருங்கள். ஹெல்மெட் என்னிடம் இருக்கிறது. பூஸ்ட் மீட்டருக்குப் பக்கத்தில் காற்று-பெட்ரோல் மீட்டர் ஒன்று இருக்கும். மூன்று சுற்றும் அதைப் பார்த்துக்கொண்டே வந்து, 12-ஐத் தாண்டினால் என் தோளைத் தட்ட வேண்டியது உங்கள் வேலை.